ஐந்து இருபதுக்கு எடுத்த படம்

மூன்றாவது நாளும் அந்த மனிதர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

உரித்தால் என்ன, பழம் வைத்திருப்பவர் உரிக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் மாதங்கியிடம் பதில் இருந்திருக்காது. ஹப்சிகுடா நாற்சந்தி பஸ் நிறுத்தத்தில், சிமெண்ட் பெஞ்சின் இடது ஓரத்தில், சாம்பல் நிறக் குரங்குக் குல்லாயும் அரைக்கை ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தார். தோலை எங்கும் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக உரித்திருந்தார், அது முழங்கால் வரை தொங்கியது. செவ்வாய்க்கிழமை அந்த நாடாவுக்காகத்தான் அவரைப் படம் எடுத்தாள். புதன்கிழமை பார்த்தபோது, அட, மனுஷனுக்கு இதே வேலைதானா என்று சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை சிரிப்பு வரவில்லை. அதே நீளம், அதே முழங்கால். இடது செருப்பின் அறுந்த வாரில் அதே ஊக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஏழு நாற்பத்திரண்டு. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்த நேரமும் அதுதான்.

மாதங்கி ஹைதராபாத் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவன் ஜெயச்சந்திரனுக்கு பேகம்பேட்டில் மென்பொருள் வேலை. அதற்காகக் கோயம்புத்தூரில் தான் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவள். மகள் சுபாஸ்ரீ மூன்றே மாதத்தில் தெலுங்கு கற்றுக்கொண்டு, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லத் தொடங்கினாள். அம்மாவுக்கு மட்டும் ஊரும் ஒட்டவில்லை, பாஷையும் ஒட்டவில்லை. பகல் முழுக்கப் பேச ஆள் கிடையாது. அப்போதுதான் இன்டர்நெட்டில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். உலகத்தின் எந்தெந்த ஊர்களிலோ இருந்து, தத்தம் ஊரை நாளுக்கு ஒரு படம் எடுத்துப் போடுகிறவர்கள். அன்றைய படத்தை அன்றே போட வேண்டும், ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது, இவ்வளவுதான் சட்டம். அவள் தன் பங்குக்கு, படத்துக்குக் கீழே இடமும் தேதியும் எழுதி, எடுத்த மணியையும் நிமிடம் பிசகாமல் போட்டாள். பெர்த்தில் இருக்கும் ஒரு தபால்காரரும் லியோனில் இருக்கும் ஒரு நர்ஸும் தவறாமல் வந்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள். வாய் திறந்து பேச ஆளில்லாத ஊரில் அந்த இரண்டு வரிக்காக அவள் காத்துக்கிடந்தாள் என்றால் அது மிகையில்லை.

இருநூற்றுப் பதினேழு நாள். ஒரு நாள்கூட விட்டதில்லை.

அடுத்தது மஞ்சள் குடை. நவம்பர் தொடக்கத்தில் எங்கோ புயல் சின்னம் என்று இரண்டு நாள் விடாமல் பெய்தது. சுபாவை நாற்சந்தியில் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, மருந்துக்கடைக்கு எதிரே ஒரு பெண் மஞ்சள் குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தேங்கிய தண்ணீரைத் தாண்டலாமா வேண்டாமா என்று ஒரு காலைத் தூக்கி நின்றாள். எட்டு ஐந்து. நல்ல படம். அதற்கு முப்பத்தோரு பின்னூட்டம் வந்தது.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த காலையில், அந்தப் பெண் அதே இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குடை விரிந்திருந்தது. தாண்டுவதற்குத் தண்ணீர் எதுவும் இல்லை, தூசிதான் இருந்தது. மருந்துக்கடை ஷட்டர் ஏறும் சத்தம், ஆட்டோ ஹாரன், யாரோ வாளியைக் கொட்டும் ஓசை எல்லாம் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்க, அவளுடைய புடவைக் கரையிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, காய்ந்த தரையில் கறுப்பு வட்டங்களாகப் பரவியது. ஈரத் துணியின் புழுங்கிய வாடை தெருவைத் தாண்டி மாதங்கிக்கு எட்டியது. ஒரு நிமிடம் அந்தப் பெண் அப்படியே நின்றாள். பிறகு குடையை மடக்கி, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் தெரிந்த களைப்பைத்தான் மாதங்கியால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே பஸ் நிறுத்தத்தின் பத்திரிகைக் கடைக்காரனிடம் போய், கேமராவில் ஆரஞ்சுக்காரரின் படத்தைக் காட்டி, தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்து இவர் யார் என்று கேட்டாள். கடைக்காரன் படத்தைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினான். ராமந்தாபூர் ஆள், தினம் தன்னிடம்தான் பேப்பர் வாங்குவார், போன சனிக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார், நானே சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்று தெலுங்கும் இந்தியுமாகச் சொன்னான். நல்ல மனுஷன், படத்தை அவர் மகனுக்குக் கொடுங்கள் என்றான்.

மறுநாள் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு, போகாதே போகாதே என்று மனம் அடித்துக்கொள்ள, அவள் அந்த நிறுத்தத்துக்குப் போனாள். உப்பல் பஸ்ஸுக்குப் பதினைந்து இருபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கம்பத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்றாள். பெஞ்சின் இடது ஓரம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. ஒருவரும் உட்காரவில்லை, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

காலி இல்லை. மாதங்கிக்குத் தெரிந்தது. சாம்பல் குல்லாய். ஊக்கு. முழங்கால் வரை தொங்கும் தோல். பழம் புளித்துப்போன வாடை.

வீட்டுக்கு ஓடிவந்து இத்தனை நாள் போட்ட படங்களை முதலிலிருந்து பார்த்தாள். மனிதர்கள் இருந்த படங்களைத் தனியே எண்ணினாள். அறுபத்திரண்டு பேர். தார்நாக்காவில் மாதுளை நிறுக்கும் கிழவி. சார்மினார் பக்கம் வளையல் கூடையுடன் கொட்டாவி விடும் பையன். பட்டான்செருவில் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறும் பதினோரு பேர், அதில் ஒருவனுக்கு ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். அவன் தினமும் மாலை அந்த நிமிடத்துக்கு எங்கே இருந்தாலும் எழுந்து வந்து காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறானா? போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தன் வழியில் தினம் தென்பட்ட இரண்டு பேரை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள்.

அன்றோடு ஆட்களை எடுப்பதை நிறுத்தினாள். பூட்டு, மரம், சுவர், கேட்டில் காயும் பாய். பின்னூட்டங்கள் குறைந்தன. தினம் போடுவதையே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஜெயச்சந்திரனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டு இதையெல்லாம் விட்டுத்தள்ளு என்பான், அப்புறம் அந்தப் பகல்களை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இப்படிச் சொல்லாமல் விட்டதைத்தான் அவள் பின்னால் நினைத்து நினைத்து அழுதாள்.

டிசம்பரில் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை, வைரஸ்தான் என்றார் டாக்டர். முதல் நாள் படுக்கையிலிருந்தே ஜன்னல் கொக்கியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜெயச்சந்திரன் லீவு போட்டான், கஞ்சி வைத்தான், நெற்றியில் ஈரத்துணி போட்டான். விளக்கேற்றும் நேரம் தாண்டி அவள் விழித்தபோது லேப்டாப்பும் கையுமாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். முகத்தில் பெருமை வழிந்தது.

"இன்னிக்குப் படம் போட்டாச்சு. நீ நிம்மதியாப் படு. எத்தன நாளு விடாமப் போட்டுட்டு வர்றே, நடுவுல ஒண்ணு போனா உனக்கு மனசு கேக்குமா?"

"என்ன படமுங்க?"

"நம்ம சுபாதான். மொட்டை மாடில. நேரமெல்லாம் உன்னாட்டமே கரெக்டாப் போட்டிருக்கறேன், பாரு."

மாலை வெயில். தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் நீலப் பாவாடையோடு சுபா நின்றுகொண்டு, கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து எட்டிக் கீழே பார்க்கிறாள். குதிகால்கள் உயர்ந்திருக்கின்றன. இரண்டு கைகளும் சுவருக்கு வெளியே. காற்றில் முடி பறக்கிறது. கீழே, ஹப்சிகுடா, டிசம்பர் 11, மாலை 5.20.

"நான் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தேன்," என்றான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

லேப்டாப்பை இழுத்துப் படத்தை அழித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், ஆரஞ்சுக்காரரை, குடைக்காரியை, அறுபத்திரண்டு பேரை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"நூத்திரண்டு இருக்கும். தூங்கு."

அழித்தது உதவவில்லை.

மறுநாள் மாலை சுபா கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பாதி யானையில் கிரேயானைக் கீழே வைத்தாள், எழுந்தாள், கதவைத் திறந்துகொண்டு போனாள். மாதங்கி கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. அவர்கள் வீடு இரண்டாவது மாடி. காய்ச்சல் காலோடு படியைப் பிடித்துப் பிடித்து ஏறி, நான்காவது மாடித் திருப்பத்தில் பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். கால்கள் படியேறிக்கொண்டே இருந்தன. காற்றில்.

"அம்மா, நேனு வெள்ளாலி," என்றது குழந்தை. போகணும் என்று. அழுகை இல்லை, அடம் இல்லை, பாத்ரூம் போகணும் என்று சொல்கிற குரல்.

கொஞ்ச நேரத்தில் பால் கேட்டாள்.

அதற்கடுத்த நாள் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஐந்தேகாலுக்கே பிள்ளையை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். சுபா முதலில் திமிறினாள். பிறகு விறைத்தாள். இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து முன்னால் நீண்டன, எதிரே ஒரு சுவர் இருப்பதுபோல. குதிகால்கள் எழும்பின. கண் திறந்தபடி எங்கோ கீழே பார்த்தது. மாதங்கி அறுபது வரை எண்ணினாள். முடிந்தது. உடம்பு தளர்ந்து, அம்மா, கார்ட்டூன் என்றாள் சுபா.

ஒரு நிமிடம்தானே என்று அப்போது மாதங்கி நினைத்தாள். நாளுக்கு ஒரே ஒரு நிமிடம். ஆயுசுக்கும் பிடித்துக்கொள்ளச் சொன்னாலும் பெற்றவளால் முடியாதா? அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

காலையில் மாடிப்படியில் அலமு மாமி எதிர்ப்பட்டாள். நான்காவது மாடியில் குடியிருப்பவள், முப்பது வருடம் ஹைதராபாத்தில் ஊறிய பாஷை.

"என்னம்மா நீ, கொழந்தைய தனியா மாடிக்கி விடுற? நேத்து சுவத்துமேல சாஞ்சிட்டு நிக்குது. நா கிச்சன் ஜன்னல்லேந்து கூவுறேன், திரும்பியே பாக்கல. நக்கோம்மா, வேணாம், கீழ பூரா சிமெண்ட்டு."

"நேத்தா மாமி? முந்தாநேத்து இல்லீங்களா?"

"ஹவ், ஆமாம்மா, நேத்துதான். காபி போடுற டைமு, அஞ்சேகால் அஞ்சரை. ஸ்டவ்வ அணைச்சிட்டு ஓடியாந்தா ஆளக் காணோம். இடுப்பு வரைக்கும் வெளிய தொங்குதும்மா! காயிக்கு, ஏம்மா இப்டி விடுற?"

இடுப்பு வரைக்கும். படத்தில் வயிறு சுவரின்மேல்தான் இருந்தது.

அந்தக் கட்டிடம் 'ப' வடிவம். கூடத்தில் உட்கார்ந்தாலே ஜன்னல் வழியாக எதிர் சிறகின் மொட்டை மாடிச் சுவர் தெரியும். நேற்று அந்த ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தாள். நேற்று தன் மடியில் இருந்தது யார், அங்கே நின்றது யார்? ஆரஞ்சுக்காரர் நினைவுக்கு வந்தார். உடம்பு எரிந்து சாம்பலான பிறகும் அவர் வரத்தானே செய்கிறார். உடம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

ஜெயச்சந்திரன் வாட்ச்மேனிடம் சொல்லி மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட வைத்தான். டப்பாவைத் தூக்கிப்போட்டான். "இதுக்கு மேல என்ன பண்ணட்டும், சொல்லு," என்றான் பாவமாக. அவனை நோவதில் அர்த்தமில்லை.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இருநூற்று அறுபது நாள் படம் போட்டவளுக்குத்தான் வரக்கூடிய யோசனை. அந்த நிமிடத்துக்கு வேறு ஒரு படம் எடுத்தால்? அதே ஐந்து இருபது, அதே சுபா, ஆனால் தன் மடியில், தன் இரண்டு கைக்குள். அப்புறம் தினமும் குழந்தை தானாக வந்து மடியில் உட்காரட்டும். எடுத்த படம் விடாது என்றால் இந்தப் படமும் விடாது அல்லவா?

அன்று மாலை வெளிச்சத்துக்காகத் திரையை முழுக்க ஒதுக்கினாள். கேமராவை ஜன்னல் திண்டில் உள்நோக்கி வைத்து டைமரைப் போட்டாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, சுபாவை மடியில் இருத்தி, பிள்ளையின் கைகளைத் தன் கைகளுக்கு அடியில் பூட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. ஜன்னலுக்கு அப்பால் பார்க்கவே இல்லை, விளக்கை மட்டுமே பார்த்தாள். படத்தில் தான் எப்படி இருக்க வேண்டும் என்பதும் நினைவு இருந்தது. பயந்த முகத்தோடு ஆயுசுக்கும் எப்படி உட்காருவது? பல் தெரியச் சிரித்தாள். கிளிக்.

கீழே எழுதினாள். ஹப்சிகுடா, டிசம்பர் 14, மாலை 5.20. என்ன அழகான தாயும் மகளும் என்று லியோன் நர்ஸ் எழுதினாள்.

மறுநாள் ஐந்தே பத்தொன்பதுக்கு அவள் நாற்காலியில் காத்திருந்தாள். சமையலறையில் குழாய் சொட்டியது. மேலே எங்கோ அலமு மாமி வீட்டுக் காபி வாசனை. சுபா பொம்மைகளை விட்டு எழுந்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பி, மெல்ல நடந்து வந்து, ஏறி, அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கூப்பிடாமல். தானாக.

தலையில் தேங்காய் எண்ணெய் மணம். வெதுவெதுப்பான முதுகு. கைகள் அடங்கி அவள் கைகளுக்கு அடியில் இருந்தன. ஜெயித்துவிட்டேன் என்று மாதங்கிக்கு நெஞ்சு விம்மியது, கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

விரலும் வரவில்லை. கழுத்தும் திரும்பவில்லை. உதடுகள் விரிந்து பல் தெரிந்தது, மூட முடியவில்லை. கண்கள் நேற்று சிவப்பு விளக்கு மின்னிய இடத்தில் நிலைத்திருந்தன. இன்று அங்கே கேமரா இல்லை. ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால், வெயில் விழுந்த சுவர்.

சுவரில் சுபா.

நீலப் பாவாடை. பறக்கும் முடி. டப்பா இல்லை, ஆனாலும் உயரமாக நின்றாள். வயிறு சுவரில். பிறகு இடுப்பு சுவரில். கைகள் வெளியே, கீழ்நோக்கி.

"பாப்பா! ஏ பாப்பா!" அலமு மாமியின் அலறல். பாத்திரம் விழுந்து உருளும் சத்தம்.

சுவரில் இருந்தவள் மாமியைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, மூன்று மாடிக்குக் கீழே, ஜன்னலுக்குள், நேராக மாதங்கியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. இந்த முறை அழுகை இருந்தது.

"அம்மா, பட்டுகோ."

பிடிச்சுக்கோ.

மடியில் இருந்தது பேசவில்லை. மூச்சுவிடவும் இல்லை. மடி லேசாகிக்கொண்டே வந்தது.

தொடை சுவரில். முழங்கால் சுவரில்.

மாதங்கி சிரித்துக்கொண்டிருந்தாள்.